வராதவனுக்குப் போட்ட சைபர்

ரேட்டிங் குழுவுக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வாழ்த்து. இனிமேல் உங்களுக்குக் கடிதங்கள் பெருகும், நண்பர்கள் குறைவார்கள், சம்பளம் மட்டும் எப்போதும் போலவே இருக்கும், அதாவது இருக்காது. இது தெரிந்தும் தேர்தலில் நின்று, ஓட்டுக் கேட்டு, ஜெயித்தும் விட்டீர்கள் என்றால் உங்களைக் காப்பாற்ற யாராலும் ஆகாது. ஆனாலும் 'புதியவர்களுக்கு நாலு வார்த்தை எழுதுங்கள்' என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனிடம் நாலு வார்த்தை கேட்பது எவ்வளவு ஆபத்து என்று கேட்டவர்களுக்குத் தெரியவில்லை.

உங்கள் மாமனார் ஒருநாள் 'மாப்பிள்ளை, இது என்ன வேலை?' என்று கேட்பார். இப்படிச் சொல்லுங்கள். நாட்டில் செஸ் போட்டிகளில் ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. தன்னைவிடப் பலசாலியை ஜெயித்தால் அந்த எண் நன்றாக ஏறும், சொத்தையானவனிடம் தோற்றால் நன்றாக இறங்கும். அந்த எண்ணைக் கணக்கிட்டுப் பட்டியல் போடுவதும், பட்டியலைப் பார்த்துத் திட்டுகிறவர்களுக்குப் பதில் எழுதுவதும்தான் வேலை. மாமனார் அதற்குமேல் கேட்க மாட்டார். என் மாமனார் கேட்கவில்லை.

இன்றைக்கு நீங்கள் பொத்தானை அழுத்தினால் எண் விழுகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு நீள நோட்டு, ஓர் அட்டவணை, ஒரு பென்சில், ஒரு ரப்பர். நான்காவதைத்தான் அதிகம் பயன்படுத்தினேன். அப்போது நான் எங்கள் மாநிலத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன். போட்டி முடிவுகள் தபாலில் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரிப்பேன். என் மனைவி எஸ்தர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. "ஓய்வுநாள ரொம்பப் பரிசுத்தமா ஆசரிக்கிய. கொஞ்சம் நோட்ட ஒதுக்குனியன்னா ரசம் வைக்க எடம் கெடைக்கும்" என்பாள்.

கடிதங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு தகப்பனார், மகனுக்குப் பெண் பார்ப்பதாகவும், ரேட்டிங்கைக் கொஞ்சம் தூக்கிப் போட்டால் சம்பந்தம் சுலபமாக முடியும் என்றும் எழுதியிருந்தார். மகனைப் பெண்ணின் தகப்பனோடு ஆடச் சொல்லுங்கள், தோற்றுவிட்டால் சம்பந்தம் இன்னும் சுலபமாக முடியும் என்று பதில் எழுதினேன். கடைசியில் ஒரு வரியும் சேர்த்தேன்: 'நாங்கள் எண் கொடுப்பவர்கள் அல்ல, நடந்ததற்குச் சாட்சி சொல்பவர்கள்.' எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்து ரசித்தேன். சொந்தச் சரக்கு இல்லை என்பது எனக்குத்தானே தெரியும்.

அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. என் வயிற்றுப்பாட்டு வேலை மேலநீலிதநல்லூர் வட்டார அலுவலகத்தில் புள்ளிவிவர எழுத்தர் வேலை. பயிர்க் கணக்கு, ஆட்டுக் கணக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக மழைக் கணக்கு. அலுவலக வளாகத்தில் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலை எட்டரைக்கு அதைத் திறந்து, தேங்கிய தண்ணீரை அளந்து, பதிவேட்டில் எழுத வேண்டும். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்துத்தான் வலிக்கும். எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டுமானால் ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இல்லாத மழையை அளப்பதற்கு ஏழரை பஸ் எதற்கு? நான் ஒன்பதரை பஸ்ஸில் போய், மாதக் கடைசியில் பதிவேட்டைத் திறந்து, முப்பது நாளுக்கும் சேர்த்து முப்பது சைபர் போட்டுவிடுவேன். எங்கள் வட்டாரத்தில் சைபர் போட்டால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். பெயர் வேண்டாம், அவர் இருந்தால் விரும்ப மாட்டார். பதிவேட்டைப் பார்த்தார், நேராகப் போய் மழைமானியைத் திறந்தார், என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்வே, உள்ள ஒரு எட்டுக்கால் பூச்சி குடும்பத்தோட குடியிருக்கு. இத தெனமும் எழுப்பிவிட்டுட்டா சைபர் போட்டீரு?"

நான் மழையே பெய்யவில்லை என்றேன்.

"பெய்யலன்னு உமக்கு எப்படித் தெரியும்? பெய்யலன்னா சைபர் போடும். பாக்கலன்னா கோடு போடும். ரெண்டும் ஒண்ணு இல்ல வே. சைபர் போட்டா, நான் நேர்ல பாத்தேன், ஒண்ணும் இல்லன்னு நீரு சாட்சி சொல்லுதீரு. கோடு போட்டா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லுதீரு. தெரியாதத தெரியாதுன்னு சொல்லுததுக்கும் சேத்துத்தான் சர்க்கார் உமக்குச் சம்பளம் குடுக்கு."

அறிக்கையில் என்னைப் பற்றி ஒன்றும் எழுதாமல் போய்விட்டார். அந்த மரியாதைக்காக இரண்டு மாதம் ஏழரை பஸ்ஸில் போனேன். மூன்றாம் மாதம் பழைய குருடி கதவைத் திறடி. ஆனால் அவர் சொன்ன வாசகம் மட்டும் நன்றாக இருந்ததால் கடிதங்களுக்கு வைத்துக்கொண்டேன்.

இந்த யோக்கியன்தான் ஒரு வருடம் தேசிய ரேட்டிங் அலுவலர் பதவிக்கு நின்றான்.

கௌரவப் பதவி. ஒவ்வொரு மாநிலச் சங்கத்தின் செயலாளருக்கும் தபாலில் ஓர் ஓட்டு. எனக்கு எதிராகக் கல்கத்தாவில் ஒரு புள்ளியியல் பேராசிரியர் நின்றார். அவருடைய அறிக்கை வழவழப்பான காகிதத்தில் அச்சாகி வந்தது. என்னுடையது வட்டார அலுவலக சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் அடித்தது, பின்பக்கம் கோமாரித் தடுப்பூசி விவரம் லேசாகத் தெரியும். அவர் மூன்று வாக்குறுதி கொடுத்திருந்தார்: வேகம், தெளிவு, நேர்மை. நானும் அதே மூன்றைத்தான் கொடுத்திருந்தேன். வரிசையை மட்டும் மாற்றி நேர்மையை முதலில் போட்டேன். வடக்கே பாதி அவருக்கு, தெற்கும் மேற்கும் எனக்கு என்று பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு பேரும் சமமாக வந்தோம். மிச்சம் நின்றது ஒரே ஓட்டு, எங்கள் சொந்த மாநிலச் செயலாளரின் ஓட்டு. மெட்ராஸ்காரர், நல்ல மனிதர் என்று அவரே சொல்வார். அவர் இன்னும் வாய் திறக்கவில்லை.

இப்போது கோமதிநாயகம் வருகிறான். சங்கரன்கோவிலில் ஒரு பவர்லூம் கூடத்தில் நான்கு தறி பார்க்கிறவன். அந்தச் சத்தத்தில் நம்மால் பெயர் சொல்லக்கூட முடியாது, அவன் அதற்குள் நின்று பத்து நகர்த்தல் யோசிப்பான். மாநிலத்தில் ரேட்டிங் வரிசையில் முதல் நான்கு பேர் தேசியப் போட்டிக்குப் போகலாம். ஒரு பெரிய நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்தார்கள், தேசியப் போட்டியில் ஆடிய சான்று இருந்தால் வேலை ஏறக்குறைய உறுதி. வயது வரம்பு அவனுக்கு அந்த வருடத்தோடு முடிந்தது. ஆகவே நான்காவது இடம் என்பது அவனுக்குப் பட்டியலில் ஒரு வரி மட்டும் இல்லை, தறிக்கூடத்தின் வாசல்.

அவன் ஐந்தாவதாக இருந்தான். மூன்றே மூன்று புள்ளி குறைவு. நான்காவதாக இருந்தவர் மேற்படி செயலாளர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தான். நூல் கோன் வருகிற அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து, அதில் பொடிப் பொடியாகக் கணக்குப் போட்டிருந்தான்.

"அண்ணாச்சி, நான் கூட்டுனா ஒரு நம்பர் வருது. நீங்க போட்டது வேற நம்பரா இருக்கு. நாந்தான் எங்கயோ தப்பாக் கூட்டியிருப்பேன். ஒரு தடவ பாத்துச் சொல்லுதியளா? லிஸ்ட்டு இருவத்தஞ்சாம் தேதி முடிஞ்சிருமாம்."

அட்டையை வாங்கி வைத்தேன். காபி குடித்துவிட்டுப் போனான். போனபின் நோட்டை எடுத்தேன். பிழையைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

திருநெல்வேலியில் நடந்த ஒரு போட்டியில் அவனும் செயலாளரும் மோத வேண்டியிருந்தது. அவன் ஏறின பஸ் பனவடலிசத்திரத்தில் படுத்துக்கொண்டது. மிளகாய் லாரி ஒன்றைப் பிடித்து அவன் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் வராவிட்டால் எதிராளிக்கு வாக்ஓவர், ஆடாமலே வெற்றி. அந்தப் போட்டியில் செயலாளருக்கு ஒரு புள்ளி உண்டு, அது விதி. ஆனால் ரேட்டிங்கில் அது சேராது, அதுவும் விதி. ஆடாத ஆட்டம் யார் பலசாலி என்று எதையும் சொல்வதில்லை, பனவடலிசத்திரத்தில் பஸ் நின்றது என்பதைத்தான் சொல்கிறது. நடுவர் மிகச் சரியாகச் செயலாளருக்குக் கூட்டல் குறியும் அவனுக்குக் கோடும் போட்டு அனுப்பியிருந்தார். நான் அதை நோட்டில் ஏற்றும்போது கோட்டைச் சைபர் ஆக்கியிருந்தேன்.

கை பழகிவிட்டது, வேறென்ன. வருடக்கணக்காகக் கோடு வர வேண்டிய இடத்தில் எல்லாம் சைபர் போட்ட கை. உலகத்தில் எந்த ரேட்டிங் கணக்காளனும் செய்ய மாட்டாத தவறு, மேலநீலிதநல்லூர் மழைக் கணக்கு எழுத்தன் மட்டுமே செய்யக்கூடிய தவறு. அந்தச் சைபரை எடுத்துவிட்டால் கோமதிநாயகம் நான்காவது, செயலாளர் ஐந்தாவது.

தேசியச் செஸ் கூட்டமைப்புக்கு ஒரு போஸ்ட் கார்டு போதும். 'இன்ன ஆட்டத்தைத் தவறாகச் சேர்த்துவிட்டேன், நீக்கவும்.' பதின்மூன்று நாள் இருந்தது. கார்டை எடுத்துவைத்து, பேனாவையும் திறந்தேன். அப்போதுதான் பென்சிலால் போட்ட இன்னொரு கணக்கு, அந்த ஒரே ஓட்டு, ஞாபகத்துக்கு வந்தது.

தம்பிமாரே, தங்கைமாரே, மனிதனுக்கு நியாயம் தெரியாமல் போவது அபூர்வம். தெரிந்த நியாயத்தைத் தள்ளிப்போட நல்ல காரணம் கிடைப்பதுதான் சுலபம். எனக்குக் கிடைத்த காரணம் மிக உயர்ந்த ரகம். இப்போது திருத்தினால் செயலாளர் ஓட்டு போய்விடும். ஓட்டுப் போனால் பதவி பேராசிரியருக்கு. அவர் கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு நம் ஊர்த் தறிக்காரனையா பார்க்கப் போகிறார்? ஆகவே முதலில் நான் பதவிக்கு வர வேண்டும். வந்த மறுநிமிடம் தேசிய அலுவலர் என்ற அதிகாரத்தோடு அந்தப் பிழையைத் திருத்துவேன், தேவைப்பட்டால் மூடிய பட்டியலையே திறப்பேன். அதாவது கோமதிநாயகத்தின் நன்மைக்காகவே கோமதிநாயகத்துக்கு அநியாயம் செய்வது. இதை யோசித்து முடித்தபோது எனக்கு என்மேல் மரியாதைகூட வந்தது.

எஸ்தரிடம் மறைக்க முடியாது. கார்டு எழுதப்படாமல் கிடப்பதைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தத் தம்பிக்கு என்ன சொல்லப் போறிய?"

"பரிசீலனையில இருக்குன்னு சொல்லணும்."

"அப்படின்னா?"

"பாக்கப் போறோம்னு அர்த்தம்."

"பாத்தாச்சு, சொல்ல மாட்டோம்னு அர்த்தம்" என்றாள். "இயேசுவ ஒப்புக்குடுத்த பிலாத்தாவது தண்ணி கொண்டாரச் சொல்லிக் கையக் கழுவுனான். நீங்க அதுக்கும் அடுத்த மாசம் பாப்போம்ங்கிய."

ஆடித்தபசுத் திருவிழாக் கொடியேற்றத்துக்குச் செயலாளர் சங்கரன்கோவில் வந்தார். அம்மனைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். நான் கோயில் வாசல் வரை கொண்டுபோய் விட்டு, வெளியே நின்று, பிரசாதப் புற்றுமண் வாங்க உதவி செய்து, கூட்டத்தில் அவர் செருப்பையும் பார்த்துக்கொண்டேன். வேட்பாளர் என்றால் செருப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதால் எழுதாமல் விட்டிருப்பார்கள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாம் முறை சோறு வாங்கும்போது பேச்சு வந்தது.

"லிஸ்ட்ல நாலாவது நான்தானாமே சார்? நானே எதிர்பார்க்கல."

"நானும் எதிர்பார்க்கல" என்றேன்.

"அந்த உங்க ஊர்ப் பையன் அன்னைக்கு ஆட வராம போனதுல எனக்கு ரொம்ப வருத்தம். வந்திருந்தா ஒரு நல்ல ஆட்டம் ஆடியிருக்கலாம். சரி, நம்ம கையில என்ன இருக்கு?" குழம்பை நன்றாகப் பிசைந்துகொண்டார். "எலெக்‌ஷன் பத்திக் கவலையே படாதீங்க. எங்க ஓட்டு உங்களுக்குத்தான். நம்ம ஆளை நாம விட்டுக் கொடுப்போமா?"

எஸ்தர் அவருக்கு மோர் ஊற்றினாள். என் தம்ளரில் ஊற்றவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி மாலை நான் மேலநீலிதநல்லூர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பஸ் நிலையத்தில் கோமதிநாயகம் நின்றான். சட்டையில் பஞ்சுத் தூசி. வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறான்.

"அண்ணாச்சி, அந்தக் கணக்கு?"

"பரிசீலனையில இருக்குப்பா."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் பார்த்தேன். அவனுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி அண்ணாச்சி. நீங்க பாக்கியன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்து போனான்.

இருபத்தைந்தாம் தேதி வந்தது, போனது. நான்கு பெயர்கள் தந்தியில் போயின. நான்காவது பெயர் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

மாதக் கடைசி நாள், ஓட்டு முடிவு வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்ற தவிப்போடு அலுவலகம் போனேன். அன்றைக்குச் செய்ய வேண்டிய முக்கியமான வேலை முப்பத்தொரு சைபர் போடுவது. மழைப் பதிவேட்டைத் திறந்தேன். அந்த மாதத்துப் பக்கத்தில் ஒரு நீளக் கவர் செருகியிருந்தது. கூட்டமைப்பின் முத்திரை, என் தேர்தல் அறிக்கையில் கொடுத்திருந்த அலுவலக முகவரி. அதன்மேல் எங்கள் அலுவலகத் தபால் முத்திரை, ஒன்பதாம் தேதி.

கடிதத்தின் சாரம் இதுதான். கல்கத்தாப் பேராசிரியர் போட்டியிலிருந்து விலகிவிட்டார். இந்த வேலை ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கேடு என்று அவர் மனைவி கருதுகிறாராம். வேறு வேட்பாளர் இல்லாததால் ஓட்டெடுப்பு இல்லை. இக்கடிதம் கிடைத்த நாளிலிருந்து தாங்கள் பொறுப்பேற்றதாகக் கொள்ளலாம். பட்டியலில் ஏதேனும் திருத்தம் தேவைப்பட்டால் இருபத்தைந்தாம் தேதிக்குள் தங்கள் கையெழுத்திலேயே செய்துவிடலாம். நகல்: அனைத்து மாநிலச் செயலாளர்களுக்கும்.

மூன்று முறை படித்தேன். பதவிக்கு வந்ததும் திருத்துவேன் என்று நான் காத்துக்கொண்டிருந்த நாட்கள் முழுவதும் நான் பதவியில்தான் இருந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு செயலாளர் எனக்குக் கொடுத்த ஓட்டு என்று ஒன்று அப்போது இந்த உலகத்திலேயே இல்லை. அது அவருக்குத் தெரியும். மனிதர் இல்லாத சரக்கைக் கொடுத்து நான்காவது இடத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். செருப்புக் காவல் இனாம்.

தபால் பிரிவில் வேலை பார்த்த அம்மாவிடம் போய்க் கத்தினேன். இந்தக் கடிதத்தை ஏன் கையில் கொடுக்கவில்லை?

அந்த அம்மா நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "வந்த அன்னைக்கே மழைப் பதிவேட்டுல, இந்த மாசப் பக்கத்துலயே வச்சிட்டேனே சார். மேஜைல வச்சா காத்துல பறந்துரும். நீங்க தெனமும் காலைல மொதல்ல தொறக்கிற புஸ்தகம் அதுதானே?"

 ஆமாம் என்றேன்.

அன்றைக்கு அந்தப் பக்கத்தில் முப்பத்தொரு கோடு போட்டேன். அடுத்த மாதம் திருநெல்வேலியிலிருந்து மெமோ வந்தது, ஒரு மாதம் முழுவதும் மழையைப் பார்க்காததற்கு விளக்கம் கேட்டு. அத்தனை வருடம் போட்ட பொய்ச் சைபர்களுக்கு ஒரு மெமோ வந்ததில்லை. பார்க்கவில்லை என்ற உண்மையை முதன்முதலாக எழுதியதற்கு வந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், என் சேவைக்குக் கிடைத்த ஒரே பாராட்டுப் பத்திரம் அதுதான்.

மூடிய பட்டியலைத் திறக்கும் வீரத்தையும் செய்து பார்த்தேன். தந்தி கொடுத்தேன். பயணச் சீட்டுகள் எடுத்தாகிவிட்டன, யார் யாரோடு ஆடுவது என்று குலுக்கியாகிவிட்டது, தங்கள் திருத்தம் அடுத்த பட்டியலில் சேர்க்கப்படும், தங்கள் அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. செயலாளர் தேசியப் போட்டியில் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தார். கடைசி இடத்தில் வந்தவருக்கு இரண்டாம் நாளிலிருந்தே காய்ச்சல் என்று கேள்வி.

தேசிய ரேட்டிங் அலுவலர் என்ற முறையில் என் முதல் கையெழுத்து கோமதிநாயகத்தின் திருத்தத்தில்தான் விழுந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவன் நான், அதில் சந்தேகம் வேண்டாம். புதுப் பட்டியலின் தட்டச்சுப் பிரதியை, முத்திரையெல்லாம் வைத்து, நானே தறிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். தபாலில் அனுப்பத்தான் ஆசை. எஸ்தர், "கால் இருக்கில்லா, நடந்து போங்க" என்றாள்.

அவன் தன் நான்கு தறிகளையும் நிறுத்தினான். மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, அதனால் கூடத்துக்கு வெளியே வந்து, சுவர் நிழலில் நின்று காகிதத்தைப் படித்தான். விரலால் எண்ணைத் தொட்டான்.

"நான் கூட்டுனதும் இதேதான் அண்ணாச்சி."

"ஆமாப்பா. நீ சரியாத்தான் கூட்டியிருந்த."

"எப்பக் கண்டுபிடிச்சிய?"

பொய் சொல்ல எனக்கு ஆயிரம் வழி தெரியும். அந்த வெயிலில் ஒன்றும் வரவில்லை. "நீ அட்டையைக் குடுத்துட்டுப் போன அன்னைக்கே" என்றேன். ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். ஓட்டு, செயலாளர், மழைப் பதிவேடு, எல்லாம். அவன் சதுரங்கத்தில் எதிராளி காயைத் தொட்டபின் பேசாமல் காத்திருப்பானே, அப்படி முழுவதையும் கேட்டான்.

பிறகு காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தான்.

"அன்னைக்கு நான் ஆடாத ஆட்டத்துல தோத்துட்டேன்னு போட்டிய. இன்னைக்கு நான் போக முடியாத போட்டிக்குத் தகுதின்னு போட்டிருக்கிய. நீங்களும் எதுத்து நிக்க ஆள் இல்லாம ஜெயிச்சிருக்கிய. இதுல ஆடுனது யாரு அண்ணாச்சி?"

கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டான்.  உள்ளே யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டான். வீட்டுக்கு வந்து நான் அழுதேன். எஸ்தர் என்னைத் தேற்றவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

அந்தப் பதவியில் ஒன்பது வருடம் இருந்தேன். ஏழரை பஸ்ஸை அதன்பிறகு விட்டதில்லை. என்மேல் வேறு எந்தப் புகாரும் நிற்கவில்லை, வழியனுப்பு விழாவில் 'அப்பழுக்கற்ற' என்ற சொல்லை மூன்று பேர் பயன்படுத்தினார்கள். அவர்களில் ஒருவர் மேற்படி செயலாளர்.

உங்களுக்கு ஆரவாரமாக ஒன்றும் சொல்வதற்கில்லை. பிழை வரும். வந்த அன்றைக்கே கார்டை எழுதிவிடுங்கள். பதவிக்கு வந்தபின், பட்டியல் வந்தபின், தேர்தல் முடிந்தபின் என்று மனது ஒரு தேதி சொல்லும். அந்தத் தேதியில் எதிரே உட்கார யாரும் இருக்க மாட்டார்கள்.

நேரம் கிடைத்தால் உங்கள் கம்ப்யூட்டரில் பழைய பட்டியலைத் திறந்து, ஆட்டத்தை நிறுத்திவிட்டவர்கள் என்ற பகுதிக்குப் போய், கோமதிநாயகம், சங்கரன்கோவில் என்று தேடுங்கள். ஓர் எண் வரும். அதை நான் பலமுறை சரிபார்த்திருக்கிறேன், அதில் ஒரு புள்ளிகூடப் பிழை இல்லை. அதற்குப் பிறகு அவன் எந்தப் போட்டியிலும் ஆடாததால் அந்த எண்ணை மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.